சக்கரம் தரை தொட்ட பிறகு

கோயம்புத்தூரில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுவதில் தமயந்திக்கு ஈடு கிடையாது. வயது முப்பத்தைந்துதான். அவளிடம் சிஷ்யராகச் சேர்ந்த தெய்வசிகாமணியோ அறுபதைத் தாண்டியவர், மில்லில் மெஷின் பராமரிப்பு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவளை 'அம்மணி' என்று கூப்பிட்டார். ஓடுகிற வண்டியின் சத்தத்தை வைத்தே கியரில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று அவள் சொன்னதைக் கேட்ட பிறகு 'மேடம்' ஆக்கிவிட்டார்.

அவர் வந்ததற்குக் காரணம் ஒரு கார். சீமையில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் வண்டி, பச்சை நிறம், இரண்டே சீட்டு. அழகுக்குக் குறையில்லை. ஆனால் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியவை. ஒன்று குழியில் விழுந்தால் மற்றதும் சேர்ந்து துள்ளும். வால்பாறைப் பாதையில் அப்படித் துள்ளியதில் மனைவி மயிலாத்தாளுக்கு இடுப்புப் பிடித்து, மாதக்கணக்கில் படுத்துவிட்டாள். எழுந்ததும் கறாராகச் சொன்னாள்.

"இனிமே அந்த வண்டியில என் காலு படாதுங்க."

அவள் பக்கத்தில் இல்லாமல் அவர் எந்த ஊருக்கும் போனவர் அல்ல. காலி சீட்டோடு கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தார். வண்டியே கசந்துபோயிற்று.

சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனியாக, குழியின் அடியைத் தாங்கும் சஸ்பென்ஷன் வைத்தால் ஒன்றின் அடி மற்றதற்குப் போகாது என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். தமயந்தியிடம் வந்து நின்றார்.

"செஞ்சு குடுங்க."

"நீங்களே செய்யுங்க சார். நான் கூட இருக்கேன்."

இருந்தாள். வெல்டிங்கிலிருந்து அளவெடுப்பதுவரை எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தாள். ஒரு தடவைகூட அவர் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கவில்லை. அந்தப் பொறுமை யாருக்கு வரும் என்று வீட்டில் போய் வியந்து வியந்து பேசுவார்.

கடைசி வேலை நடக்கும்போது அவள் ஒரு கார் பந்தயத்துக்காகச் சென்னைக்குப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது கார் தரையில் நின்றது. பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது.

தமயந்தி பின்புறத்தைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"ஓட்டினீங்களா?"

"ஓட்டினேனுங்க. உதைக்குது."

"என்ன பண்ணீங்க?"

"நட்டெல்லாம் லூசா இருக்குமோன்னு இன்னுங் கொஞ்சம் டைட் வெச்சேன்."

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை.

"வண்டி எப்படி இருந்தப்ப டைட் வெச்சீங்க?"

"ஸ்டாண்டு மேல தூக்கி வெச்சுத்தானுங்க. சக்கரம் அந்தரத்துல தொங்கிட்டு இருந்துது, கை போறதுக்குச் சவுரியமா. மேடம், நாளைக்கு மயிலாத்தா வர்றா. ஒரே ஒரு தரம் உக்காந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கா. உதைச்சுதுன்னா அதோட முடிஞ்சுது. எவ்வளவு டைட் வெக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க."

அவள் மூலையில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை எடுத்தாள்.

"கையைத் தொங்கவிடுங்க."

தொங்கவிட்டார். முழங்கையைச் சுற்றி டியூபை இறுக்கிக் கட்டினாள். பிறகு டீ டம்ளரை அந்தக் கையில் கொடுத்தாள்.

"குடிங்க."

பலங்கொண்ட மட்டும் கையை மடக்கினார். டம்ளர் உதட்டுக்கு வந்ததும் ரப்பர் விருட்டென்று கையைக் கீழே இழுத்தது. டீ முழுவதும் சட்டையில்.

தமயந்தி டியூபை அவிழ்த்தாள். வேறு டீ கொடுத்தாள். அவர் டம்ளரை வாயருகே பிடித்திருக்கும்போது, மடங்கிய கையிலேயே டியூபைச் சுற்றினாள். டம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் நிதானமாகக் குடித்தார்.

குடித்து முடித்துவிட்டுக் காரைப் பார்த்தார். சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்கள், அந்த இரும்புக் கைகள், வண்டியோடு சேரும் மூட்டில் ரப்பர் வளையங்களான புஷ்கள். அவற்றைத் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு, நிற்கச் சொன்னால் எப்படி நிற்கும்?

ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் புஷ்களின் நட்டுகளையெல்லாம் தளர்த்தினார். வண்டியை நாலு சக்கரத்திலும் நிற்க வைத்து, வேலை பார்க்கும் குழியின் மேல் தள்ளி நிறுத்தினார்கள். ஆள் ஏறினால் வண்டி எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்கட்டும் என்று டிரைவர் சீட்டில் அவர் எடைக்கு மணல் மூட்டை வைத்தார்கள். பக்கத்து சீட்டுக்கும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அது வேண்டாம் சார். நாளைக்கு அவங்க வரட்டும்."

மறுநாள் காலை மயிலாத்தாள் வந்தாள். மணல் மூட்டையைப் பார்த்து, "இதாரு, உங்களாட்டமே இருக்குது?" என்றபடி ஏறினாள். ஆனால் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே தரையில் அழுத்தி ஊன்றி, சீட்டின் நுனியில்தான் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

தெய்வசிகாமணி, பட்டறையிலேயே கழற்றி மாட்டியிருந்த நேற்றைய வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

"வெக்கட்டுமுங்களா மேடம்?"

"அவங்க இன்னும் உக்காரலை."

அவர் காத்திருந்தார். கீழே நின்றபடி மேலே பார்த்துக் கேட்டார்.

"மயிலு, பயமா இருக்குதா?"

இவ்வளவு நாளும் வண்டியைப் பற்றி அவளிடம் ஓயாமல் பேசியவர், இதைக் கேட்டதே இல்லை.

"இருக்காதுங்களா?" என்று எட்டிப் பார்த்தாள். "அதென்னங்க சட்டையெல்லாம் கறை?"

"டீ. மேடம் என் கையைக் கட்டிப்போட்டுக் குடிக்கச் சொன்னாங்க. மேலெல்லாம் கொட்டிக்கிட்டேன்."

மயிலாத்தாளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. தமயந்தியைப் பார்த்தாள். தமயந்தி தலையாட்டினாள். அவ்வளவுதான், பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. கதவை விட்டுவிட்டு, வெளியே ஊன்றிய காலையும் உள்ளே இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகு முழுவதையும் சீட்டில் சாய்த்துச் சிரித்தாள்.

குழிக்குள் அவர் தலைக்கு மேலே வண்டி மெல்ல ஒரு விரல் அளவு இறங்கியது. அவர் ஸ்பானரைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"உக்காந்துட்டாங்க சார்," என்றாள் தமயந்தி. "இப்ப டைட் வைங்க."