மூச்சு விட நேரமில்லாத தையல்சிட்டு

ஒரு காட்டில், ஓடையை ஒட்டி நின்ற அத்திமரத்தில், வடிவு என்ற தையல்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருந்தது. தையல்சிட்டு எப்படிக் கூடு கட்டும் தெரியுமா, குழந்தைகளே? இலையின் ஓரங்களை அலகால் துளைத்து, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து, பை போலத் தைத்துவிடும்.

வடிவின் வயிற்றில் முட்டை கனத்துக்கொண்டிருந்தது. விடிவதற்குள் கூடு முடியாவிட்டால் முட்டையை எங்கே இடுவது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, பாவம், இதற்கு அலகும் ஓடவில்லை.

பதற்றத்தில் குத்தியதில் முதல் இலை கிழிந்தது. அடுத்த இலையும் கிழிந்தது. ஆத்திரத்தில் வடிவு கிழிந்த இலையையே கொத்தியது.

ஓடையில் கிடந்த ஆமை தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்கு நல்ல மனசு. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே நம்பிவிடுவதுதான் ஒரே குறை.

"தங்கச்சி, கொஞ்சம் இறங்கி வாயேன். பேசி எவ்வளவு நாளாச்சு!"

"போங்கண்ணே, எனக்கு மூச்சு விட நேரமில்லை!"

ஆமைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூச்சு விடவில்லையா? உடனே கரையேறி, பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஓடியது. ஆமை ஓட்டம்தான், ஆனாலும் ஓட்டம்.

"ஐயோ தங்கச்சி! எவ்வளவு நேரமா மூச்சு விடாம இருக்கே? செத்துப் போயிடுவியே! முதல்ல மூச்சை விடு, கூட்டை அப்புறம் பார்த்துக்கலாம்!"

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுண்ணே!" என்று எரிந்து விழுந்தது வடிவு.

"பேச்சுக்குத்தான்னாலும், உன் நெஞ்சு படபடக்கறது இங்கேருந்தே தெரியுதே." ஆமையின் கண் கலங்கியிருந்தது. "நான் தினம் காலையில யோகம் பண்றேன்ல, அதை என்கூடச் சேர்ந்து பண்ணு. நான் தலையை வெளியே நீட்டும்போது மூச்சை இழு. உள்ளே இழுக்கும்போது மூச்சை விடு. அவ்வளவுதான்."

அந்தக் கலங்கிய கண்ணுக்காகத்தான் வடிவு கீழ்க்கிளைக்கு வந்தது. சிறகை ஒடுக்கி உட்கார்ந்தது. புஸ், புஸ், புஸ் என்று அவசர அவசரமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டது.

"முடிச்சுட்டேன், போகட்டுமா?" என்று கேட்பதற்குள் தலை சுற்றி, கிளையிலிருந்து விழப் பார்த்தது.

"அதுக்குள்ளயா? என் தலை இன்னும் வெளியிலேயே வரலையே!" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. ஆமையின் தலை மெல்ல மெல்ல வெளியே வந்தது. வடிவு மூச்சை இழுத்தது. தலை மெல்ல மெல்ல உள்ளே போனது. வடிவு மூச்சை விட்டது. முதலில் கூட்டைப் பற்றிய நினைப்பு குறுக்கே குறுக்கே வந்தது. பிறகு ஓடையின் சலசலப்பு கேட்டது. காலையிலிருந்து பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ஓடை, இப்போதுதான் வடிவின் காதில் விழுந்தது.

"எனக்குப் பயமா இருந்துச்சுண்ணே. முட்டை மண்ணுல விழுந்துடுமோன்னு."

"தெரியும்மா. பயம் வந்தா என்கிட்ட சொல்லு. இலை மேல காட்டாதே."

வடிவு மறுபடி மேல்கிளைக்குப் பறந்து ஒரு புது இலையைப் பிடித்தது. மூச்சை நிதானமாக விட்டபடியே துளைத்தது, கோத்தது, இழுத்தது. அலகு நடுங்கவில்லை. இலையும் கிழியவில்லை. பொழுது சாயும்போது கிளையில் அழகான பச்சைப் பை ஒன்று தொங்கியது.

மறுநாள் விடியற்காலையில் அதற்குள் ஒரு குட்டி முட்டை இருந்தது. வடிவு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. சந்தோஷத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, நீங்க தாய்மாமன் ஆகப் போறீங்க!"

"தாய்மாமனா!" ஆமை பரபரவென்று ஓடைக்குத் திரும்பியது. "அப்போ சீர் கொண்டு வரணுமே! இப்பவே கிளம்பினாத்தான் குஞ்சு பொரிக்கறதுக்குள்ள வந்து சேருவேன்!"

நீதி: பதறும் மனம் தன்னையும் கைவேலையையும் கிழிக்கும், நிதானமாக விடும் மூச்சு இரண்டையும் தைத்துக் கொடுக்கும்.