கூரையில்லாத கல்வீடு

கரட்டு மலைச்சரிவில் துண்டு துண்டாய்க் காணி வைத்துப் பிழைத்த குடிகளை ஜமீன் ஒரே கோடையில் விரட்டிவிட்டது. ஆடு மேய இடம் வேண்டுமாம். யாரும் திரும்பி வந்து குந்திவிடக் கூடாதென்று வீட்டுக்கு வீடு புல்கூரையில் தீ வைத்தார்கள். கூரை இல்லாதது வீடு இல்லை. இது ஜமீன் வழக்கம்.

மற்ற வீட்டுக் கல்லெல்லாம் ஆட்டுப்பட்டிச் சுவராகிவிட்டது. மிச்சம் சடையப்பன் வீடு ஒன்றுதான். இன்றைக்கு அதை இடித்துக் கல்லை ஏற்றிப் போகவும் வண்டி வருகிறது.

சடையப்பன் தன் குருவை அழைத்துக்கொண்டு விடியலிலேயே வந்துவிட்டான். குரு மங்கம்மை அவனைவிட வயதில் சின்னவள்.

"தாயே, எல்லாம் ஒருநாள் அழியும்னு சொன்னீங்க. இந்த வீட்டை விட்டுடவும் மனசு வரலை, பிடிச்சுக்கவும் தைரியமில்லை. நான் என்ன செய்யட்டும்?"

"பசிக்குது. களி கிண்டு."

"இங்கேயா? அடுப்புல எருக்கு முளைச்சிருக்கு."

"பிடுங்கு."

பிடுங்கினான். சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டினான். புகை நேராக வானத்துக்குப் போனது.

"கூரை போனதுல ஒரு லாபம், கண்ணு கரிக்கலை" என்றாள் மங்கம்மை.

சடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களி பதமாகும் நேரம் வாசலில் வண்டி வந்து நின்றது. ஜமீன் காரியக்காரர் நஞ்சுண்டன் இறங்கினார்.

"யாரைக் கேட்டு உள்ளே போனே?"

"என் வீடுங்க."

"வீடா? அண்ணாந்து பாருடா, மேலே காக்கா பறக்குது. டேய், உள்ளே போய் இடிங்கடா!"

கடப்பாரையோடு நாலு பேர் வந்தார்கள். நிலைப்படியில் நின்று, ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து நுழைந்தார்கள்.

"ஏண்டா, ஆட்டுப்பட்டிக்குப் போற கல்லுக்கு எதுக்குடா செருப்பைக் கழட்டுறீங்க?" காரியக்காரர் கத்தினார்.

நாலு பேரும் தங்கள் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

"பழக்கந்தானுங்க" என்றான் ஒருவன். "அடுப்பு எரியுது, சோறு வேகுது. ஒரு வீட்டுக்குள்ள செருப்போட எப்படிங்க..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காரியக்காரரைக் கண்டால் தோள் துண்டை இடுப்புக்கு இறக்குவது சடையப்பன் வழக்கம். கை தானாகத் துண்டுக்குப் போனது. அதை எடுத்து உதறி, தோளிலேயே போட்டுக்கொண்டான்.

"கேட்டுக்கிட்டீங்களா? வீடுன்னு உங்க ஆளே சொல்லிட்டான். நீங்களும் வாங்க. செருப்பை மட்டும் வெளியே விட்டுட்டு வாங்க."

காரியக்காரர் படியேறவில்லை. நாலு பேரும் கடப்பாரையை வண்டியில் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்கள்.

"நாளைக்கு வேற ஆளோட வர்றேன்டா!"

வண்டி வெறுமனே திரும்பிப் போனது. சடையப்பன் களியை இறக்கி வைத்தான்.

"தாயே, நாளைக்கும் வருவாங்களே?"

மங்கம்மை களியை ஒரு வாய் உருட்டிப் போட்டுக்கொண்டாள்.

"வருவாங்க. மலையேறி வர்றவங்க பசியோட வருவாங்க. நாளைக்கு நாலு பிடி மாவு கூடப் போடு."