டிரம்காரன் மூச்சு

காது என்றால் கோயம்புத்தூரிலேயே வெங்கடபதியின் காதுதான். அப்படிச் சொன்னவரும் வெங்கடபதிதான். பழைய ராக் ஆல்பங்களை மெருகேற்றி உயர்தரத் தட்டில் மறுபடி வெளியிட்டால் உடனே வாங்கிவிடுவார். ஞாயிறுதோறும் நண்பர்களைக் கூட்டி, பழைய தட்டோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்வார். புதுத் தட்டின் உறையைப் பிரிக்கும் பாக்கியம் அவர் கைக்கு மட்டுமே. எழுந்து போய்ப் பிளேயரில் தட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் காதின் தவம் கலைந்துவிடுமாம். அதற்கு வீடு துடைக்கும் மயிலாத்தாள் இருந்தாள்.

ஒரு ஞாயிறு, புதுத் தட்டோடு அவர் வந்து உட்கார்ந்ததுமே அவள் வாயை விட்டாள். "எப்பவும் ரெண்டும் ஒண்ணுதானுங்க. புதுசுல சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

வெங்கடபதியின் முகம் சிவந்தது. "இன்னைக்கு எது பழசு, எது புதுசுன்னு நீ கேட்டுச் சொல்லணும். முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"நீங்க மொதல்ல சொல்லுங்க. பார்த்துப் பழகிக்கறேன்."

அவர் கண்ணை மூடினார். நண்பர்களும் மரியாதையாக மூடினார்கள். மயிலாத்தாள் ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டாள்.

"முதல்ல வந்தது பழசு. மண்ணெண்ணெய் டின்னைத் தட்டின மாதிரி இருக்கு. ரெண்டாவதுதான் புதுசு. டிரம்காரன் மூச்சு விடறதுகூடக் கேட்குது." நண்பர்கள் எல்லோருக்கும் கேட்டதாம். "இப்ப நீ சொல்லு."

"ரெண்டு தடவையும் பழசுதானுங்க. ரெண்டாந்தடவை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சேன்."

"அப்ப புதுத் தட்டு எங்கே?"

"உங்க மடியிலதானுங்க இருக்குது. நீங்க இன்னும் உறையே பிரிக்கலை. அந்த டிரம்காரன் உள்ள மூச்சைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறானுங்க."