முகூர்த்தக்காலில் கட்டிய ஜீப்

மொட்டாங்குறிச்சிக்காரர்கள் மூளையைக் கண்டபடி செலவழிக்க மாட்டார்கள். பிறக்கும்போது கிடைத்ததை மடிப்புக்கூடக் கலையாமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் உத்தண்டி, பட்டாளத்து ஏலத்தில் ஒரு கிழட்டு ஜீப்பை எடுத்து வந்தார். முப்பத்தாறு வயதான தன் மகன் தவசிலிங்கத்தை அதில்தான் மாப்பிள்ளையாக அழைத்துப் போவதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லியும்விட்டார்.

மெக்கானிக் கபூர் பாய் வண்டியைச் சரிசெய்துவிட்டுப் பாடம் நடத்தினார்.

"இந்தச் சின்ன லீவரைத் தள்ளினா நாலு சக்கரமும் இழுக்கும். காய்ஞ்ச ரோட்டுல தள்ளாதீங்க, சேத்துல மட்டும்தான். அப்படியும் மாட்டிக்கிட்டா முன்னாடி கம்பிக்கயிறு சுத்தின வின்ச்சைப் போடுங்க, அது எஞ்சின் பலத்துல சுத்தி வண்டியை இழுக்கும். கம்பிக்கயித்தை அசையாத பொருளாப் பாத்துக் கட்டணும். கயித்து மேல கனமான துணி போடணும், அறுந்தாலும் ஆளை அடிக்காது. பக்கத்துல ஒருத்தரும் நிக்கக் கூடாது."

இவ்வளவையும் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டார்கள். வினையே அதுதான்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. உத்தண்டி, அவர் மச்சான் ஒச்சப்பன், டிரைவர் சடையாண்டி, பட்டு வேட்டியில் மாப்பிள்ளை என்று நாலு பேரும் எட்டரைக்கே பெண் வீட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பந்தல் அறுபதடி தூரத்தில் தெரிந்தது. அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னார் உத்தண்டி.

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னு சம்பந்திகிட்ட சொல்லியிருக்கேன். ரெண்டு சக்கரத்துல போய் இறங்கினா என் மானம் என்னாகிறது?"

"ரோடு காய்ஞ்சு கிடக்குதுண்ணே" என்றான் சடையாண்டி.

"ரோடு காய்ஞ்சது நம்ம குத்தமா? நனைச்சாப் போச்சு" என்றார் ஒச்சப்பன்.

சமையலுக்கு வந்த டிராக்டர் தண்ணீரைத் திருப்பிவிட்டு, பக்கத்து வயலில் நின்ற ஏர்மாட்டைக் கூட்டிவந்து, நடவு வயல் மாதிரி தெருவை உழுது சேறாகத் தொளி அடித்தார்கள். முக்கால் மணி நேரம் கடுமையான உழைப்பு. பிறகு ஜீப்பை உள்ளே இறக்கி, சின்ன லீவரை முறைப்படி தள்ளினார்கள். சாதாரண வண்டியென்றால் இரண்டு சக்கரம்தான் புதையும். இதில் நாலும் ஒற்றுமையாகப் புதைந்தன.

தவசிலிங்கத்துக்கு இதற்கு முன் ஆறு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பெண்ணின் அத்தை மகன் வேறு புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தான். முகூர்த்தம் தவறினால் தாலியை அவன் கையில் கொடுத்துவிடுவார்கள்.

"அப்பா, நான் இறங்கி நடந்துடறேனே. அறுபதடிதானே?"

"நடந்து போறதுக்காடா ஜீப்பு வாங்கினேன்? வின்ச்சைப் போடுங்கடா!"

கயிற்றை எதில் கட்டுவது என்று விவாதம் கிளம்பியது.

"பக்கத்துலயே புளியமரம் இருக்குதுண்ணே" என்றான் சடையாண்டி.

"மரமா? காத்தடிச்சா ஆடுமேடா. அசையாத பொருள்னு பாய் சொன்னாரு" என்றார் ஒச்சப்பன். "கரண்டுக் கம்பமும் வேணாம். மழை வந்தா சாயும்."

உத்தண்டி நெடுநேரம் யோசித்தார். அவர் யோசித்தால் ஊருக்கு ஆகாது.

"முகூர்த்தக்கால் இருக்குதே! பூசை போட்டு நட்டது. கல்யாணம் முடியிற வரைக்கும் அது அசையவே கூடாதுன்னு சாஸ்திரம். அதைவிடப் பலமான பொருள் எது?"

பந்தல் மூலையில் மாவிலையோடு நின்ற முகூர்த்தக்காலில் கொக்கியை மாட்டினார்கள். அடுத்தது கனமான துணி. சுற்றியிருந்தவற்றில் கனமானது மாப்பிள்ளையின் முழுச் சரிகைப் பட்டு வேட்டிதான். அதை உருவிக் கயிற்றின் மேல் போட்டார்கள். கோடுபோட்ட அரை டிராயரோடு மாப்பிள்ளை சீட்டுக்கடியில் பதுங்கிக்கொண்டார். இனி நடந்து போகிற பேச்சுக்கே இடமில்லை.

ஒச்சப்பன் பந்தலுக்கு ஓடினார். "ஒருத்தரும் நிக்கக் கூடாது! பாய் உத்தரவு!"

நின்றிருந்த இருநூறு பேரும் மரியாதையாக உட்கார்ந்தார்கள்.

வின்ச் உறுமியது. கயிறு இறுகியது. சேற்றில் ஊன்றிய ஜீப் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. பந்தல்தான் கிளம்பியது. முதலில் முகூர்த்தக்கால், பின்னால் மற்ற கால்கள், மேலே தென்னங்கீற்று, ஓரத்தில் குலை தள்ளிய வாழைமரம் என்று தெருவோடு ஊர்ந்து வந்தது. நிழல் நகர்ந்ததும் வெயில் சுட்டது. எழுந்து நிற்கத்தான் கூடாதே! ஆகவே இருநூறு பேரும் உட்கார்ந்தபடியே நிழலோடு நகர்ந்து வந்தார்கள். மணப்பெண் மணைப்பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். புரோகிதர் மந்திரத்தை நிறுத்தவில்லை.

"வண்டி என்னமா ஓடுது பாத்தியா!" என்றார் உத்தண்டி. "பந்தல் எவ்வளவு கிட்ட வந்துட்டுது!"

பத்து இருபத்தைந்துக்குப் பந்தல் ஜீப்பின் மூக்கில் வந்து முட்டியது. பட்டு வேட்டி கயிற்றோடு உருளையில் சுற்றிக் கந்தலாகியிருந்தது. இடுப்பில் வாழை இலையைச் சுற்றிக்கொண்டு, சீட்டில் இருந்தபடியே எட்டித் தாலி கட்டினார் தவசிலிங்கம். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் வாய்விட்டு அழுதார், பாவம். அத்தை மகன் சேற்றில் புதைந்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

பெண்ணின் அப்பா மூக்கையா கையைப் பிசைந்தார். "சம்பந்தி, பொண்ணு மாப்பிள்ளையை வீட்டுக்குள்ள உக்கார வச்சுப் பாலும் பழமும் கொடுக்கணுமே. நேரம் போகுதே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீடு இன்னும் அறுபதடி தள்ளித்தான் இருந்தது.

"இதுக்கா கவலைப்படறீங்க?" என்றார் உத்தண்டி. "சடையாண்டி, கொக்கியைக் கழட்டிட்டுப் போய் வீட்டு நிலைக்கதவுல மாட்டு."

மூக்கையா பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்து வின்ச்சின் லீவரைப் பிடித்தார்.

"ஐயையோ சம்பந்தி, மெதுவா இழுக்கச் சொல்லுங்க! உள்ளே அடுப்புல பாயசம் கொதிக்குது."