குறை கேட்கும் மணி

கடல் இன்றைக்கு இருக்கிற இடத்திலிருந்து இரண்டு காதம் தள்ளி இருந்த காலத்தில், கரையோர நாடு ஒன்றை ஒரு ராணி ஆண்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடம். முப்பது பிள்ளைகள், ஆளுக்கொரு மணல் தட்டு. அதில் விரலால் எழுதித்தான் படிப்பார்கள்.

அந்தப் பள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. மாலையில் மணி அடித்ததும், "யாருக்காவது குறை உண்டா?" என்று ஆசான் மூன்று முறை கேட்பார். குறை உள்ளவர் எழுந்து போய், மணியின் அருகில் நின்று சொல்லவேண்டும். மூன்று முறை கேட்டும் யாரும் எழமாட்டார்கள். ஆசானுக்குப் பெருமை பிடிபடாது. ஏழு வருடமாகக் குறையே இல்லாத பள்ளி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குறை இல்லையாம்! மணி அடிப்பவன் யார் தெரியுமா, பிள்ளைகளே? தளபதி மகன் வீரவேள். குறையே அவன்தான்.

உப்பளத்தில் பாடுபடுகிறவரின் மகள் இளநாச்சி. உப்பு அரித்த அவள் கைகளைப் பார்த்து முதலில் பட்டப்பெயர் வைத்தான். பிறகு அவள் எழுதிய மணலைக் கலைத்தான். பிறகு அவள் சோற்றிலேயே மணலை அள்ளிப் போட்டான். மூன்றுக்கும் பாதிப் பள்ளி சிரித்தது; மீதிப் பள்ளி தலையைக் குனிந்துகொண்டது. இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரே ஒரு நாள் இளநாச்சி எழுந்து போய்ச் சொன்னாள். மணிக்கயிற்றைப் பிடித்தபடி வீரவேள் அவளையே முறைத்தான்.

"விளையாட்டுக்குச் செய்தேன் ஐயா" என்றான்.

"இதெல்லாம் ஒரு குறையா? போய் உட்கார் அம்மா" என்றார் ஆசான்.

மறுநாள் சோற்றில் இரண்டு கை மணல் விழுந்தது.

விளையாட்டாம் விளையாட்டு! ஒருத்தி பட்டினி கிடக்க, மற்றவர்கள் சிரிப்பதற்குப் பெயர் விளையாட்டா?

இளநாச்சிக்கு எழுத்து என்றால் உயிர். உப்பளத்தில் ஒருவருக்கும் எழுதத் தெரியாது. தான் படித்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆனால் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? "இன்றோடு போதும் அப்பா, நாளை முதல் நான் போகவில்லை" என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளாக வந்தாள்.

அன்றுதான் குறையில்லாத பள்ளிக்குப் பரிசு கொடுக்க ராணி வந்தாள். மணி அடித்தது. ஆசான் மூன்று முறை கேட்டார். யாரும் எழவில்லை. ஆனால் பிள்ளைகளின் கண்கள் மணிக்கயிற்றைப் பிடித்திருந்த வீரவேள் பக்கம் ஓடித் திரும்பியதை ராணி பார்த்துவிட்டாள்.

"எல்லோரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்காருங்கள். இந்தப் பள்ளியில் யாரைக் காப்பாற்ற வேண்டும்? அந்தப் பெயரை மணலில் எழுதுங்கள். ஆசானே, நீங்களும் எழுதுங்கள்."

ராணி தட்டுத் தட்டாகப் பார்த்தாள். இளநாச்சி. இளநாச்சி. இளநாச்சி. வீரவேள் தட்டிலும் அதே பெயர். ஆசான் தட்டிலும் அதே பெயர்!

தெரிந்திருக்கிறது! எல்லோருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது!

ஒரு தட்டில் மட்டும் வேறு பெயர். அது இளநாச்சியின் தட்டு. பள்ளியிலேயே சின்னவனான, திக்கிப் பேசுகிற கொற்றன் பெயரை அவள் எழுதியிருந்தாள்.

"ஏன் அம்மா, இவன் பெயரை எழுதினாய்?" என்று ராணி கேட்டாள்.

"நாளை முதல் நான் வரமாட்டேன் தாயே. நான் இல்லாவிட்டால் அடுத்தது இவன்தான்."

ராணிக்குக் கண் சிவந்தது. பரிசைத் திருப்பி அனுப்பினாள். மணியைக் கழற்றச் சொன்னாள்.

"அழுகிற பிள்ளை நடந்து வந்து சொல்லட்டும் என்று ஏழு வருடம் உட்கார்ந்திருந்தீர்கள். இனி நீங்கள் நடந்து போய்ப் பாருங்கள். பார்த்தவர்களைக் கேளுங்கள். மணி அடித்த இந்தப் பையன் இனி உங்கள் கண் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடட்டும்" என்று ஆசானிடம் சொன்னாள்.

பிறகு இளநாச்சியின் பக்கம் திரும்பி, "நாளை ஒரு நாள் மட்டும் வந்து பார், மகளே" என்றாள்.

இளநாச்சி வந்தாள். பழகிய கை சும்மா இருக்குமா? ஆசான் அந்தப் பக்கம் திரும்பியதும் வீரவேள் மணலை அள்ளினான்.

"நா... நான் பார்த்தேன்!" என்று கொற்றன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் இருபத்தேழு பேரும் எழுந்தார்கள். வீரவேள் கையிலிருந்த மணல் தரையில் கொட்டியது. இளநாச்சி அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

அடிபடுகிற பிள்ளை வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது நீதி ஆகாது. பார்த்தவர்கள் எழுந்து சொல்வதே நீதி.