தண்டைச் சுற்றி ஒரு வட்டம்

மொட்டை மாடித் தொட்டி ஒன்றில் கத்தரிச் செடி நின்றது. அதில் ஒரு தையல்சிட்டு குடியேறியது. அகலமான இலையை மடித்து, ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சு நூலால் தைத்துக் கூடாக்கியது. உள்ளே மூன்று முட்டைகள் இட்டது.

தொட்டி மண்ணுக்குள் ஒரு மண்புழு இருந்தது. எதிர் மதிலில் ஓர் அணில் இருந்தது.

சித்திரை வெயில் வந்தது. வீட்டுக்காரர் காலையில் ஊற்றிய தண்ணீர் உச்சிவேளைக்குள் காய்ந்துபோனது. மண் வெடித்தது. இலைகள் தொங்கின. தைத்த இலையும் தொங்கியது. முட்டைகள் கூட்டின் வாய்ப்பக்கம் உருண்டன. சிட்டு நெஞ்சைக் கொடுத்துத் தடுத்துக்கொண்டது.

"தம்பி, செடி இப்படியே வாடினால் என் பிள்ளைகள் தரையில் விழுந்துவிடும்" என்றது அணிலிடம்.

"மண்ணுக்கு மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும் அக்கா. தென்னந்தோப்பில் மட்டையும் சருகும் பரப்பி வைப்பார்களே, அது மாதிரி. இரு, வருகிறேன்."

அணில் ஓடியது. தெருமுனைத் தச்சுப் பட்டறையிலிருந்து வாய் வாயாக மரத்தூள் கொண்டுவந்து கொட்டியது. சிட்டு நிம்மதியாக மூச்சு விட்டது.

சற்று நேரத்தில் மண்புழு நெளிந்துகொண்டு வெளியே வந்தது.

"என் கூரைக்கு யார் சாயம் அடித்தது? உடம்பெல்லாம் எரிகிறது!"

அணில் மூக்கைச் சுளித்தது. "வார்னிஷ் வாடைதான். எனக்கும் வழியெல்லாம் தும்மல். ஏதோ உயர்ந்த சரக்கு, அதனால்தான் இப்படி மணக்கிறது என்று நினைத்தேன்."

சிட்டு சிறகால் விசிறி விசிறி, தூள் முழுவதையும் தள்ளியது.

"இனி நானே பார்த்துக்கொள்கிறேன். மெத்தை போட எனக்கா தெரியாது?"

பூங்காவில் அப்போதுதான் வெட்டிய பச்சைப் புல் குவிந்து கிடந்தது. நல்ல மென்மை. சிட்டு அதை அள்ளி வந்து, கூட்டுக்குள் செய்வதுபோலவே செய்தது. நெஞ்சால் அழுத்தியது. சுற்றிச் சுற்றித் திணித்தது. தண்டோடு தண்டாக ஒட்டவைத்தது.

"ஊசி நுழைய இடமில்லை" என்று பெருமையாகச் சொன்னது.

மறுநாள் இலைகள் நிமிர்ந்தன. சிட்டு பாட்டே பாடியது. ஆனால் அதற்கடுத்த நாள் இலைகள் மறுபடி தொங்கின. மண்ணில் ஈரம் இருந்தது. ஆனாலும் தொங்கின. 'இன்னும் கொஞ்சம் போர்த்த வேண்டும் போல' என்று நினைத்த சிட்டு, மேலும் புல் கொண்டுவந்தது.

மண்புழு தொட்டி விளிம்பில் தலையை வைத்துக் கிடந்தது.

"போதும் சிட்டு. உள்ளே புல் அழுகிச் சூடேறுகிறது. நான் வெந்துகொண்டிருக்கிறேன். தண்டுகூட அடியில் கொழகொழத்துவிட்டது."

"அதெப்படி? எவ்வளவு மெத்தென்று போட்டிருக்கிறேன். என் முட்டைகளுக்கே இப்படித்தான் போட்டேன்."

"அந்த முட்டைகள்மேல் ஓயாமல் உட்கார்ந்திருக்கிறாயா?"

"நன்றாயிருக்கிறதே! நடுநடுவே எழுந்துவிடுவேன். புரட்டிவிடுவேன். அதுகளுக்கும் கொஞ்சம் காற்று வேண்டாமா?"

சொல்லிவிட்டுச் சிட்டு அப்படியே நின்றது. அலகிலிருந்த புல் நழுவி விழுந்தது.

பிறகு திணித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டது. தண்டின் அடி கறுத்திருந்தது. சிட்டு தன் கன்னத்தை அதன்மேல் வைத்து, வெகுநேரம் இருந்தது.

இதைப் பார்த்த அணில் காணாமல் போனது. திரும்பி வந்தபோது வாய் நிறையத் தேங்காய் நார்.

"காய்ந்தது. சாயம் ஏறாதது. இதில்தான் நான் தூங்குகிறேன், இன்னும் சாகவில்லை."

"உன் கூட்டிலிருந்து பிய்த்தாயா? நீ எங்கே படுப்பாய்?"

"இந்த வெயிலில் யாருக்கு அக்கா மெத்தை வேண்டும்?"

முதலில் மண்புழு நாரின்மேல் ஊர்ந்து பார்த்தது. "எரியவில்லை. போடுங்கள்" என்றது.

நாரையும் உலர்ந்த சருகையும் சிட்டு தளர்வாகப் பரப்பியது. தண்டை ஒட்டி மட்டும் எதையும் வைக்கவில்லை. தன் உடம்பு நுழையும் அகலத்துக்கு இடம் விட்டு, அதில் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தது.

"என்ன அக்கா, பிரகாரம் சுற்றுகிறாயா?"

"அது மூச்சு விடட்டும் தம்பி."

தண்டின் கொழகொழப்பு மெல்லக் காய்ந்தது. இலைகள் மெல்ல எழுந்தன. கூடு நேரானது. ஒரு காலையில் மூன்று சின்ன வாய்கள் திறந்து கத்தின.

சிட்டு மூன்றுக்கும் இரை ஊட்டியது. பிறகு பறந்துபோய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தது.

"ஏன் இவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறாய்?" என்றது மண்புழு.

"இங்கிருந்தும் நன்றாகத் தெரிகிறது" என்றது சிட்டு.

அன்போடு போர்த்துகிறவர்கள், மூச்சுக்கும் கொஞ்சம் இடம் விட்டே போர்த்த வேண்டும்.