முறுக்கிக்கொண்ட கட்டுக்கம்பி

திருப்பூரில் ஒரு லைன் வீட்டின் கொல்லையில் ஒரு கட்டுக்கம்பி கிடந்தது. கட்டடம் கட்டியவர்கள் மிச்சமென்று வீசிவிட்டுப் போன முழ நீளத் துண்டு.

அந்த வீட்டுக்குக் குடிவந்த தவமணிக்குக் கொல்லையில் கீரை போட ஆசை. கொத்த ஒரு மண்வெட்டி இல்லை. பனியன் கம்பெனி விடுமுறையன்று, குப்பையில் கிடந்த பழைய மின்விசிறியின் இரும்பு இறக்கையைச் சுத்தியலால் தட்டி வளைத்தாள். உடைந்த கட்டிலின் கால்குழாயைப் பிடியாக்கினாள். இறக்கையின் துளைகளில் கட்டுக்கம்பியைக் கோத்து, குழாயோடு சேர்த்துக் குறடால் முறுக்கினாள்.

அன்றைக்குப் பிடித்தது கம்பிக்குத் தலைவலி.

"எல்லார் தலைக்கும் மேலே சுற்றியவன் நான். என்னைப் போய் மண்ணைக் கொத்தச் சொல்கிறாளே!" என்றது இறக்கை.

"என் மேல் ஒரு தாசில்தார் இருபது வருடம் படுத்துத் தூங்கினார். அசைந்தே எனக்குப் பழக்கமில்லை" என்றது குழாய்.

"பெருமையெல்லாம் அப்புறம். இப்போது மண்ணைப் பாருங்கள்" என்றது கம்பி.

யார் கேட்டார்கள்? தவமணி ஓங்கினால் இறக்கை இடப்பக்கம் திரும்பும். குழாய் வலப்பக்கம் நழுவும். இரண்டும் இழுத்த இழுப்பில் கம்பியின் மேல்தோல் உரிந்தது. கெஞ்சிப் பார்த்தது. அதட்டிப் பார்த்தது.

"நடுவில் பேச நீ யார்?" என்றன இரண்டும் ஒரே குரலில். அந்த ஒரு விஷயத்தில்தான் அவற்றுக்குள் அத்தனை ஒற்றுமை.

வசவு விழுந்தது என்னவோ கம்பிக்குத்தான். "சனியனே, எத்தன தடவ உன்னய முறுக்கறது!" என்று தவமணி தினமும் குறடோடு வந்து உட்காருவாள்.

இந்த லட்சணத்திலும் நாலு பாத்தி உருவாகிவிட்டது. முதலில் முளைத்ததை ஆடு மேய்ந்தது. கையிலிருந்த கடைசி விதையைத் தூவினாள். அது விரல் உயரம் வந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

"அக்கா, பாத்தி முங்குதுங்க! ஓரமா ஒரு வாய்க்கா எடுத்து உடுங்க, தண்ணி வடிஞ்சிரும்!" என்று பக்கத்து வீட்டு ரத்தினா வாசலிலிருந்து கத்தினாள்.

தவமணி மண்வெட்டியோடு ஓடினாள். ஒரு கொத்துதான் கொத்தியிருப்பாள்.

"சேற்றிலா? என்னால் முடியாது" என்று திரும்பிக்கொண்டது இறக்கை.

"நனைந்தால் எனக்குத் துருப்பிடிக்கும்" என்று நழுவியது குழாய்.

கம்பிக்குப் பொறுமை போயே போய்விட்டது. "இனி நீங்களாச்சு, உங்கள் மண்ணாச்சு!" என்று முறுக்கைத் தளர்த்தி, துளையிலிருந்து உருவிக்கொண்டு சேற்றில் விழுந்தது.

இறக்கை ஒரு பக்கம் தெறித்தது. குழாய் வெறுங்குழாயாய் நின்றது. கம்பிக்குப் பிறந்ததிலிருந்து காணாத நிம்மதி.

தன்னைத்தான் முதலில் எடுப்பாள் என்று இறக்கை காத்திருந்தது. தவமணி அதைப் பார்க்கவேயில்லை. குழாயையும் கீழே போட்டாள். மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவினாள்.

"எங்க போயித் தொலஞ்ச... ஐயோ, எங்க போன!"

தண்ணீர் ஏறியது. பாத்தியிலிருந்து பெயர்ந்த கீரை நாற்றுகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. ஒன்று வேரோடு வந்து கம்பியின் மேல் மோதி ஒட்டிக்கொண்டது. அதன் வேர் நூலை விட மெல்லியதாக இருந்தது.

"இதோ இருக்கிறேன்! இங்கே!" என்று கம்பி அலறியது. சேற்றுக்குள்ளிருந்து எந்தக் குரல் வெளியே வரும்? விரல் பக்கத்தில் வந்தபோது, தன் முனையை நிமிர்த்தி ஒரு குத்துக் குத்தியது.

"அப்பாடா" என்றாள் தவமணி, ரத்தத்தைப் புடவையில் துடைத்தபடி.

கொட்டும் மழையில் முறுக்கினாள். இந்த முறை இறக்கை திரும்பவில்லை, குழாய் நழுவவில்லை. வாய்க்கால் விழுந்தது. தண்ணீர் வடிந்தது. ஆனால் இரண்டு பாத்திகள்தான் மிஞ்சின.

மறுநாள் வெயில் வந்தது.

"பார்த்தாயா, வாய்க்கால் வெட்டியது யார்?" என்று ஆரம்பித்தது இறக்கை.

"பிடி இல்லாமல் வெட்டிக் கிழித்திருப்பாயோ?" என்றது குழாய்.

கம்பிக்கு நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது. வெறும் சேறாகக் கிடந்த மற்ற இரண்டு பாத்திகளை ஒரு தரம் பார்த்தது.

வாயைத் திறந்தால் முறுக்குத் தளர்ந்துவிடும். கம்பி பல்லைக் கடித்துக்கொண்டது.